ஓட்டுக் கூரையில் கைமர முனைகள் மக்கிவிட்டன: மொத்தக் கூரையையும் பிரிக்க வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம்: தென்காசிப் பக்கம், 1960-களில் கட்டிய மங்களூர் ஓட்டு வீடு. பின்பக்கச் சரிவில், கொல்லைச் சுவரை ஒட்டி, ஐந்து கைமரங்களின் (ஓட்டைத் தாங்கிச் சரிவாக இறங்கும் மரங்கள்) கீழ்முனை மக்கி, இறவாரம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரம்) தொங்குகிறது. அந்த இடத்து ரீப்பர்களை, அதாவது ஓடு உட்காரும் மெல்லிய குறுக்குக் கட்டைகளை, கையால் பிட்டால் உதிர்கின்றன. மற்ற பகுதி உறுதியாகத்தான் இருக்கிறது. மொத்தத்தையும் பிரித்து ஷீட் போடச் சொல்கிறார் ஒருவர். முனைகளைச் சிமெண்ட் வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரண்டும் வேண்டாம். மக்கிய முனைகளை மட்டும் வெட்டியெடுத்து, பக்கத்தில் துணைக் கைமரம் கொடுத்து, அந்த இடத்து ரீப்பரை மாற்றி, அதே ஓட்டைத் திரும்ப மேய்ந்துவிடலாம். ஒரு தச்சரும் இரண்டு உதவியாட்களும் இருந்தால் இரண்டு மூன்று நாள் வேலை. அந்தக் காலத்து வீடுகளில் போட்ட கோங்கு, தேக்கு, வேங்கை எல்லாம் வைரம் பாய்ந்த, அதாவது உள்மரம் முற்றி இறுகிய மரங்கள். அந்தத் தரத்தில் இன்று புதிதாக வாங்குவது கடினம். நாலு முனை இற்றுப்போனதற்காக அவ்வளவு மரத்தையும் கழற்றி விற்பது வீண். ஷீட் போட்டால் மார்ச் முதல் வீட்டுக்குள் இருக்க முடியாது என்பது ஒரு பக்கம். ஓட்டுக் கூரை தன் எடையாலேயே காற்றுக்கு நிற்கிறது, ஷீட்டுக்கு அந்த எடை கிடையாது, சுவரோடு போல்ட் போட்டு இறுக்காவிட்டால் பெருங்காற்றில் மரத்தோடு கிளம்பிவிடும் என்பது இன்னொரு பக்கம். சிமெண்ட் வைத்துக் கட்டுவது இதைவிட மோசம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். மரம் வயதானதால் மட்டும் மக்குவதில்லை. மரத்தில் இருக்கும் ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் அதைத் தின்ன முடியாது. நல்ல ஓட்டுக்குக் கீழே, காற்றோட்டமான கூரையில் ஈரம் எப்போதும் அதற்குக் கீழேதான் இருக்கும். ஆகவே ஐந்து கைமரம் வரிசையாக மக்கியிருக்கிறது என்றால், அந்த வரிசைக்கு எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் புது மரம் போட்டால், வெளிறு (வைரத்தைச் சுற்றியுள்ள மென்மையான வெளிமரம்) அதிகமுள்ள இன்றைய மரம் நாலைந்து மழைக்காலத்துக்குள் அதே கதிக்கு வரும்.

உங்கள் வீட்டில் கொல்லைச் சுவரை ஒட்டிய பகுதி என்பதால் மூன்று இடங்களைச் சந்தேகப்படுவேன். ஒன்று, சரிவு உயரமான சுவரில் முட்டும் இடம். அங்கே கொத்தனார் வைத்த சிமெண்ட் பட்டி சுவரைவிட்டு மயிரிழை அளவு பிரிந்திருக்கும். பார்த்தால் தெரியாது. மழை பெய்யும்போது சுவர் வழியே இறங்கும் தண்ணீர் நேராக ரீப்பர் மேல் போகும். இரண்டு, கூடல்வாய். இரண்டு சரிவும் சேரும் பள்ளத்தில் இலை தேங்கினால் தண்ணீர் அங்கே போட்ட தகட்டின் ஓரத்தைத் தாண்டி உள்ளே வழியும். பக்கத்தில் வேம்போ புளியோ நின்றால் இது நிச்சயம். மூன்று, சுவருக்குள் புதைந்த கைமரம். பிற்காலத்தில் யாராவது அணில், எலி வருகிறதென்று கைமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருந்தால், மக்கல் துல்லியமாக அந்தப் பூச்சுக்குள்ளேதான் தொடங்கியிருக்கும். சிமெண்ட் ஈரத்தை உறிஞ்சி மரத்தின் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும், காய விடாது. முனையைச் சிமெண்டால் கட்டும் யோசனையை நான் அடியோடு மறுப்பது இதனால்தான். வெளியே பார்க்க உறுதியாக இருக்கும், உள்ளே மரம் இருக்காது.

இவை தவிர விரிசல் விட்ட ஓடு, நழுவிய ஓடு, கூரை உச்சியை மூடும் மோட்டு ஓட்டின் சாந்தில் வெடிப்பு ஆகியவையும் உண்டு. ஒரு விஷயம் கவனிக்க: சொட்டு விழும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றல்ல. ஓட்டில் புகுந்த தண்ணீர் கைமரத்தின் அடிப்பக்கமாகவே ஓடி, நாலைந்து அடி கீழே போய் முடிச்சு ஏதாவது தடுக்கும் இடத்தில்தான் விழும். கறை எங்கே தொடங்குகிறது என்று டார்ச் அடித்து மேல்நோக்கித் தேட வேண்டும்.

அடுத்தது, கெட்டுப்போனது எதனால் என்று பிரித்தறிவது. மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. பூஞ்சையில் மக்கிய மரம் நிறம் மங்கி, குறுக்கே வெடித்து, சதுரம் சதுரமாகப் பெயரும். அல்லது வெளுத்து நார் நாராகும். இரண்டிலும் ஈர வாடை இருக்கும். கரையான் என்றால் மேல்தோல் அப்படியே இருக்கும், உள்ளே மண்ணப்பிய அடுக்கு அடுக்கான குடைவு. சுவரில் எங்கேயாவது பென்சில் கனத்தில் மண்கோடு ஏறியிருக்கும். மூன்றாவது வண்டு. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், தட்டினால் கோதுமை மாவு மாதிரி நைசான தூள் கொட்டும். இது பெரும்பாலும் வெளிற்றை மட்டுமே தின்னும், வைரத்தில் ஏறாது. விறகடுப்புப் புகை படிந்திருந்த பழைய அடுக்களைக் கூரைகளில் வண்டு குறைவாக இருந்ததையும், கேஸ் அடுப்பு வந்த பிறகு அதே கூரைகளில் தூள் கொட்டத் தொடங்குவதையும் தச்சர்கள் சொல்வார்கள்.

சோதிக்க ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் சிறு சுத்தியலும் போதும். கைமரத்தை அரை அடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று சொல்லும், கெட்டது பொத்துப் பொத்தென்று. சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை உள்ளங்கையால் அழுத்தினால் கால் இன்ச்சுக்கு மேல் இறங்கக் கூடாது. அடிப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். தண்ணீர் மேலிருந்து வருவதால், ரீப்பர் உட்காரும் மேல்முகம்தான் முதலில் போகும். அதை இரண்டு ஓட்டைத் தூக்கினால்தான் பார்க்க முடியும். கெட்ட எல்லையைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். ஐந்து கைமரத்தில் பார்த்தது போதாது, இரண்டு பக்கமும் இன்னும் இரண்டிரண்டு கைமரத்தையும் தட்டிப் பாருங்கள்.

எவ்வளவு கெட்டால் மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கைமரத்தின் வளைவுத் தாங்குதிறன் அதன் அகலத்துக்கு நேர்விகிதம், உயரத்துக்கு வர்க்க விகிதம். 2½ இன்ச் அகலத்தில் அரை இன்ச் போனால் 80 சதவீத பலம் மிஞ்சும். 5 இன்ச் உயரத்தில் மேலே ஒரு இன்ச் போனால் 64 சதவீதம்தான் மிஞ்சும். ஆகவே பக்கவாட்டில் வண்டு தின்ற வெளிற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, மருந்தடித்து அப்படியே விடலாம். மேல்முகமோ அடிமுகமோ ஒரு இன்ச் போயிருந்தால் துணை கொடுத்தே ஆக வேண்டும். ரீப்பரில் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், சந்தேகப்பட்டாலே மாற்றிவிடுங்கள். ஏறி வேலை செய்கிறவர் கால் வைப்பது அதன் மேல்தான்.

இதற்கெல்லாம் முன்பு ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கைமரங்களுக்குக் கீழே சுவர் மேல் படுத்திருக்கும் உத்திரமும், உச்சியில் மோட்டு வளையும் நன்றாக இருக்கின்றனவா? உத்திரத்தில் இரண்டு அடிக்கு மேல் மக்கியிருந்தாலோ, மோட்டு வளை நடுவில் தொய்ந்திருந்தாலோ, சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலோ கீழே சொல்லும் முறை போதாது. அந்த வேலையை ஓட்டுக் கூரை தெரிந்த பொறியாளரோ மூத்த தச்சரோ நேரில் பார்த்துத்தான் முட்டு எங்கே, எத்தனை என்று சொல்ல வேண்டும்.

வேலையை மாசி முதல் சித்திரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தென்காசியில் ஜூனில் சாரல் தொடங்கிவிடும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. மரமும் சாந்தும் காய்வதற்கு உங்களுக்குக் கிடைப்பது அந்த இடைவெளிதான். அப்படியும் கோடைமழை வரும், 15 அடிக்கு 12 அடி தார்ப்பாய் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஐந்து கைமரம், இரண்டடி இடைவெளி, இறவார நீட்டம் இரண்டடி என்று வைத்துக்கொண்டு பொருள் கணக்கு சொல்கிறேன். பக்கத்துக் கைமரங்களையும் சேர்த்து 12 அடி நீளம், சரிவில் 7 அடி உயரம் திறக்க வேண்டிவரும். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 போகும், அதன்படி 120 ஓடு இறங்கும். உடைசலுக்கு 15, 20 ஓடு கூடுதலாக வேண்டும். வாங்கப் போகும்போது வீட்டு ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு சூளையின் ஓட்டுக்கும் பள்ளமும் வரம்பும் கொஞ்சம் மாறும், பூட்டிப் பார்க்காமல் வாங்கினால் இடுக்கில் தண்ணீர் இறங்கும். பழைய கட்டடம் பிரிக்கும் கடைகளில் தேடினால் அதே முத்திரை ஓடு பெரும்பாலும் கிடைத்துவிடும். ரீப்பர் 2 இன்ச்சுக்கு 1 இன்ச், ஏழு வரிசை, 12 அடி வீதம் 84 அடி. வெட்டுச் சேதாரம் சேர்த்து 95 அடி. துணைக் கைமரம் 5 இன்ச்சுக்கு 2 இன்ச், 6 அடி நீளத்தில் ஐந்து. இரண்டும் சேர்த்து சுமார் மூன்றரைக் கன அடி மரம். ஆணி 2½ இன்ச், அரைக் கிலோ. 12 மில்லி கல்வனைஸ் போல்ட் 6 இன்ச் நீளத்தில் 20, ஒவ்வொன்றுக்கும் 2 இன்ச் சதுர வாஷர் இரண்டு. சின்ன வட்ட வாஷர் போட்டால் இறுக்கும்போது மரத்துக்குள் அமுங்கிவிடும், பிடிப்பே இருக்காது.

என்ன மரம்? பெயரைவிட வைரமா வெளிறா என்று பாருங்கள். தோட்டத்தில் அவசரமாக வளர்த்த இளந்தேக்கில் பாதிக்கு மேல் வெளிறாக இருக்கும், வண்டு அதை முதல் வருடமே கண்டுபிடித்துவிடும். என் தேர்வு, பழைய வீடு பிரித்த கைமரம். ஐம்பது வருடம் காய்ந்த மரம் இனிமேல் பெரிதாகச் சுருங்காது, முறுக்காது. ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு அறுக்கக் கொடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் கோங்கு, வேங்கை, கருமருது, நன்கு முற்றிய வேம்பு. மா, இலவு, ரப்பர் மரம் கூரைக்கு வேண்டாம். உங்கள் கூரையில் பனங்கை (பனைமரத்தில் அறுத்த கைமரம்) இருந்தால் அதற்குத் துணையாகவும் பனங்கையே கொடுக்கலாம். முற்றிய பனையின் வெளிப்பக்கக் கருவைரம் மட்டும் எடுக்க வேண்டும், உள்சோறு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அங்கே ஈரம் பிடிக்கும்.

புது மரத்துக்கு மருந்து ஏற்றாமல் மேலே கொண்டுபோகாதீர்கள். கழிவு எஞ்சின் ஆயில் பூசும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது மேல்தோலில் நிற்கும், உள்ளே போகாது, நாற்றமும் தீப்பிடிக்கும் ஆபத்தும் மிச்சம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் மலிவானது, பூஞ்சை, வண்டு இரண்டையும் தடுக்கும். 10 லிட்டர் வெந்நீருக்கு போராக்ஸ் 600 கிராம், போரிக் அமிலம் 400 கிராம். கையுறை போட்டு, நன்றாகக் கரைத்து, நாலு முகத்திலும் மூன்று கோட். ஒன்று காய்வதற்குள் அடுத்தது. வெட்டுமுனைதான் முக்கியம், மரம் ஈரத்தைக் குடிப்பது அந்த வழியாகத்தான். வாளியில் கரைசலை ஊற்றி முனையை ஒரு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும் என்பதால், ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு மரம் காய்ந்த பிறகு பிரைமரும் எனாமல் பெயின்ட்டும் அடிக்க வேண்டும். உள்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் ஒரு கோட் நல்லது. கன்னியாகுமரிப் பக்கம் பழைய வீடுகளில் இதைத்தான் பூசினார்கள். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், கவனம்.

கரையான் என்றால் மேலே மட்டும் மருந்தடிப்பது பயன் தராது. அது வருவது மண்ணிலிருந்து. தரையும் சுவரும் சேரும் மூலையில் ஓரடிக்கு ஒன்று வீதம் 12 மில்லிமீட்டர் துளை போட்டு, இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லிலிட்டர் கலந்து, துளைக்கு ஒரு லிட்டர்வரை இறக்க வேண்டும். கிணறு அருகில் இருந்தால் அந்தப் பக்கம் இதைச் செய்யாதீர்கள்.

இனி வேலை. மெயின் சுவிட்சை அணையுங்கள். பழைய வீடுகளில் வயர் ரீப்பரோடு ஓடும், காப்புறை பொரிந்திருக்கும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் கம்பி இறவாரக் கைமரத்தில் கட்டியிருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி அதை அவிழ்க்கும்வரை யாரும் அந்தப் பக்கம் ஏறக் கூடாது. மெயினை அணைத்தாலும் அந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கும்.

ஓட்டில் கை வைப்பதற்கு முன்பே முட்டு. மக்கிய எல்லைக்கு இரண்டு மூன்றடி உள்ளே, கைமரங்களின் அடியில் குறுக்காக 4 இன்ச்சுக்கு 3 இன்ச் சட்டம் ஒன்றை ஓடவிட்டு, நாலடிக்கு ஒரு ஜாக்கி முட்டு (திருகி உயர்த்தும் இரும்புத் தாங்கு). ஜாக்கிக்குக் கீழே 2 இன்ச் கனப் பலகை போடாவிட்டால் சிவப்பு ஆக்சைடு தரை நொறுங்கும். முட்டு கைமரத்தைத் தொட்டு இறுகினால் போதும், தூக்க வேண்டாம். பல வருடத் தொய்வை ஒரே நாளில் நிமிர்த்தப் பார்த்தால் மோட்டுச் சாந்து வெடிக்கும், பக்கத்து ஓடுகள் பூட்டுவிடும், சில சமயம் கைமரமே பிளக்கும். இரண்டு சரிவையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் இருந்தால் அவற்றை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். சுவரை வெளியே தள்ளவிடாமல் பிடித்திருப்பவை அவைதான்.

ஓட்டை மேல்வரிசையிலிருந்து கீழே இறக்குங்கள். ஒரு பக்கச் சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் வெறுமையாக்கக் கூடாது. எதிர்ச் சரிவின் எடை மோட்டு வளையை இந்தப் பக்கம் தள்ளும். 12 அடியை இரண்டு பாதியாகச் செய்வது நல்லது. ஓட்டின் நடுவில் மிதிக்காமல், கைமரம் போகும் கோட்டில், சரிவில் கிடத்திய ஏணி மேல் நடக்க வேண்டும். இறக்கிய ஓட்டைக் கூரையிலேயே அடுக்காதீர்கள். காய்ந்த ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ, நூறு ஓடு 250 கிலோ. கீழே நிறுத்தி அடுக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். மணிச்சத்தம் வராத ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், அதைத் திரும்ப மேயக் கூடாது.

இப்போது மக்கிய முனையை வெட்டுவது. கண்ணில் தெரியும் எல்லையோடு நிறுத்தாமல் இன்னும் ஓரடி உள்ளே தள்ளி வெட்டுங்கள். பூஞ்சை நிறம் மாற்றுவதற்கு முன்பே உள்ளே இழையோடியிருக்கும். வெட்டிய முகத்தில் உளியை வைத்து ஒரு சீவு சீவிப் பாருங்கள்: நல்ல மரம் சுருளாக நீண்டு வரும், பூஞ்சை தொட்ட மரம் துண்டு துண்டாக முறிந்து வரும். முறிந்தால் இன்னும் அரையடி போக வேண்டும். உத்திரத்தின் மேல்முகத்தையும் இதேபோலச் சோதித்து, மேலாக மட்டும் கெட்டிருந்தால் செதுக்கி, கரைசலை ஊற ஊற அடியுங்கள்.

துணைக் கைமரத்தின் நீளம்தான் பலரும் குறைத்துவிடும் இடம். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டும் மக்கியிருந்தால், வெளியே எவ்வளவோ அதற்கு இரண்டு மடங்கு உள்ளே போக வேண்டும். இரண்டடி நீட்டத்துக்கு நாலடி உள்ளே, ஆக 6 அடி. ஓரடி மட்டும் உள்ளே விட்டு ஆணியடித்தால், நுனியில் ஆள் கை ஊன்றியதுமே உள்முனை மேலே கிளம்பி ஓட்டைத் தூக்கிவிடும். மக்கல் உத்திரத்தைத் தாண்டி உள்ளே போயிருந்தால் கணக்கு வேறு. பழைய கைமரம் இனி உத்திரத்தில் உட்காராது, அதன் சுமை முழுவதும் துணை வழியாகத்தான் இறங்கும். அப்போது துணை, கைமரத்தின் பாதி நீளத்துக்காவது உள்ளே போக வேண்டும். நடுப்பகுதியிலும் கெட்டிருந்தால் மோட்டு வளை முதல் உத்திரம் வரை ஒரே மரமாகப் போடுங்கள். ஒட்டுப்போட்ட மரம் நடுவில்தான் வளையும். மேலே சொன்ன கன அடிக் கணக்கு 6 அடித் துணைக்கு மட்டும். நீளம் கூடினால் மரத்தையும் போல்ட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

துணையின் மேல்முகம் பழைய கைமரத்தின் மேல்முகத்தோடு மட்டமாக நிற்க வேண்டும். மரத்தில் இயல்பான வளைவு இருந்தால் முதுகு மேலே வரும்படி வையுங்கள், சுமை ஏறும்போது நேராகும். உத்திரத்தில் உட்கார வெட்டும் பள்ளம் உயரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, 5 இன்ச்சில் 1¼ இன்ச். இரண்டையும் சி-கிளாம்ப் போட்டு நெருக்கிவிட்டு, 13 மில்லி துளை. ஒரு துணைக்கு நாலு போல்ட், உள்முனைப் பக்கம் இரண்டு, உத்திரத்துப் பக்கம் இரண்டு. மரத்தின் வெட்டுமுனைக்கும் முதல் போல்ட்டுக்கும் 3½ இன்ச், போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் 4 இன்ச் குறையாமல், ஒரே கோட்டில் இல்லாமல் மேலும் கீழுமாக. ஒரே கோட்டில் போட்டால் இழை வழியே பிளக்கும். ஆணி மட்டும் அடித்து முடித்துவிடலாம் என்று சொல்பவரிடம் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சுவரில் உட்காரும் இடத்தில் மரத்துக்கு அடியில் தார் ஷீட் துண்டு ஒன்று. இரண்டு பக்கமும் அரை இன்ச் காற்று இடைவெளி. அணிலுக்கும் எலிக்கும் கல்வனைஸ் வலையை மடித்து அடைத்தால் போதும். கொத்தனார் பழக்கத்தில் அந்த இடுக்கில் சாந்து வைத்துவிடுவார், பக்கத்தில் நின்று தடுக்க வேண்டிய இடம் இது.

ரீப்பர் இடைவெளியை இன்னொரு வீட்டு அளவிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் ஓடுகளில் பதினொன்றைத் தரையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பூட்டி நீளவாக்கில் அடுக்குங்கள். முதலில் நன்றாக இழுத்துவிட்டு, முதல் ஓட்டின் மூக்கிலிருந்து கடைசி ஓட்டின் மூக்குவரை அளங்கள். பிறகு நெருக்கிவிட்டு அளங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, பத்தால் வகுத்தால் வருவதுதான் இடைவெளி. 12½ இன்ச்சை ஒட்டி வரும். பழைய வரிசைகளோடு கயிறு பிடித்துச் சரிபாருங்கள். ரீப்பர் ஒட்டு கைமரத்தின் நடுவில்தான் வர வேண்டும், அடுத்தடுத்த இரண்டு வரிசையின் ஒட்டு ஒரே கைமரத்தில் வரக் கூடாது. ஓரத்தில் அடிக்கும் ஆணிக்கு முன்துளை போடுங்கள். கடைசி ரீப்பர், அதாவது இறவார ஓரத்தில் வருவது, மற்றவற்றைவிட ஓர் ஓட்டுக் கனம் உயரமாக இருக்க வேண்டும். மேல்வரிசை ஓடுகளுக்கு அடியில் இன்னொரு ஓடு இருக்கிறது, கடைசி ஓட்டுக்குக் கிடையாது. இதை விட்டால் கடைசி வரிசை மூக்கைக் கவிழ்த்து, இடுக்கு வாய் திறந்து, சாய்ந்தடிக்கும் மழை நேரே உள்ளே வரும். பல வீடுகளில் இறவாரம் முதலில் மக்குவதற்கு இந்த ஒரு இன்ச்தான் காரணம்.

மேய்வது கீழிருந்து மேலே. மங்களூர் ஓட்டின் அடியில் இருக்கும் காதில் கம்பி கோக்கத் துளை உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. இறவார வரிசையிலும் முக்கோணச் சுவரை ஒட்டிய வரிசையிலும் ஒவ்வொரு ஓட்டையும் கல்வனைஸ் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் தாக்கிய கன்னியாகுமரி உங்களுக்கு அதிக தூரமில்லை.

மோட்டு ஓட்டுக்குச் சுத்த சிமெண்ட் கலவை வேண்டாம். மரம் கோடையில் சுருங்கி மழையில் விரியும், சிமெண்ட் அந்த அசைவைத் தாங்காமல் வெடிக்கும்; அடுத்த முறை ஓட்டை உடைக்காமல் எடுக்கவும் முடியாது. சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. மோட்டு ஓட்டை முதலில் தண்ணீரில் முக்கியெடுங்கள், உலர்ந்த ஓடு சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும். மூன்று நாள் ஈரச் சாக்குப் போட்டுக் காக்க வேண்டும்.

தண்ணீர் வந்த வழியை இந்தக் கட்டத்தில் அடைத்துவிடுங்கள். சுவரில் முட்டும் இடமென்றால் சிமெண்ட் பட்டியை முழுதாகப் பெயர்த்து, ஓட்டுக்கு மேல் 6 இன்ச் உயரத்தில் சுவரில் ஒரு இன்ச் ஆழக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, அலுமினியத் தகட்டை அதில் செருகி, கீழே ஓட்டின் மேல் படியும்படி மடித்துவிடுங்கள். தகடு ஓட்டின் மேல் சும்மா படுத்திருக்க வேண்டும், ஒட்டக் கூடாது. கூரை அசைந்தாலும் பிளவு வராது. கூடல்வாய் என்றால் இரண்டு பக்க ஓட்டுக்கும் நடுவில் 4, 5 இன்ச் தகடு திறந்து கிடக்க வேண்டும். அழகுக்காக ஓட்டு விளிம்பைச் சாந்தால் மூடினால் அதிலேயே இலை சிக்கும்.

முட்டுகளை எடுப்பதற்கு முன் ஹோஸ் வைத்துச் சோதனை. கீழ்வரிசையில் தொடங்கி, வரிசைக்குப் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்கட்டும். மேலிருந்து விட்டால் எந்த இடத்தில் கசிகிறது என்று பிடிக்க முடியாது. ஜாக்கிகளை ஒரேயடியாக எடுக்காமல் ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாக இறக்குங்கள். ஓடு நனைந்தால் ஆறில் ஒரு பங்குவரை எடை கூடும், முதல் பெருமழையில் துணை கால் இன்ச் தணிவது இயல்பு. அதற்கு மேல் தணிந்தால் போல்ட் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

புது மரம் போட்டிருந்தால் ஒரு கோடை கழிந்ததும் காய்ந்து சுருங்கியிருக்கும், எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்து ஒரு சுற்று இறுக்குங்கள். வைகாசியிலும் புரட்டாசியிலும் ஒருமுறை கூடல்வாயையும் சுவரோரத்தையும் கூட்டிவிட்டு, மீந்த ஓடுகளை அதே கொல்லையில் நிறுத்தி அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஓடு உடையும்போது அதே அச்சில் கிடைப்பது அதுதான்.